பழுதான ஸ்டீயரிங் லாக்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா, அகற்றுவதா?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியும் எஞ்சின் கிளம்பாமல், டாஷ்போர்டில் சாவிச் சின்னம் மட்டும் எரிந்துகொண்டு, ஸ்டீயரிங் இம்மியும் திரும்ப மறுக்கும் நிலையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: திருட்டைத் தடுக்க ஸ்டீயரிங்கைப் பூட்டிவைக்கும் லாக்கைப் புதிதாக வாங்கிப் பொருத்துவதா, இருப்பதையே பழுது பார்ப்பதா, அல்லது அந்தத் தொல்லையை வண்டியிலிருந்தே நீக்கிவிடுவதா? 1997 முதல் 2004 வரை வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட், நிசான் 370 இசட், பிஎம்டபிள்யூ இ90 வரிசைக் கார்கள், மெர்சிடிஸ் டபிள்யூ204 வரிசையும் அதன் சி63 ஏஎம்ஜியும் ஆகியவற்றின் உரிமையாளர்களுக்கு இந்தக் கேள்வி நன்கு பழகியது. ஒருவருக்குப் பலித்த வழி இன்னொருவரை நடுவழியில் நிறுத்திவிடுவதற்குக் காரணம், ஒவ்வொரு வண்டியிலும் லாக் பிற மின்னணுக் கருவிகளோடு பேசும் முறை வேறாக இருப்பதே. ஆகவே, எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு வழியையும் நிறுத்துப் பார்ப்போம்.

## லாக் வேலை செய்யும் விதம்

ஸ்டீயரிங் தண்டின்மீது பள்ளங்கள் வெட்டப்பட்ட ஒரு வளையம் இருக்கிறது. அதனருகில் ஓர் உலோகத் தாழ் இருக்கிறது. தாழ் பள்ளத்தில் விழுந்தால் தண்டு திரும்பாது. பழைய வண்டிகளில் சாவித் துவாரத்தின் உருளையே தாழை நகர்த்தியது. மின்னணு லாக்கில் அந்த வேலையை ஒரு சிறிய மோட்டாரும் பற்சக்கரங்களும் செய்கின்றன. தாழ் எங்கே நிற்கிறது என்பதை ஓரிரு மைக்ரோ ஸ்விட்சுகள் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவிக்கின்றன. ‘திறந்திருக்கிறது’ என்ற செய்தி வராதவரை அக்கருவி எஞ்சினைக் கிளப்ப அனுமதி தராது.

இதனால் வெளியே ஒன்றுபோலத் தோன்றும் பழுது, உள்ளே இரண்டு வேறு பழுதுகளாக இருக்கக்கூடும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தோ, கிரீஸ் இறுகியோ தாழ் உண்மையிலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது தாழ் ஒழுங்காகத் திறந்திருக்க, அதைச் சொல்ல வேண்டிய ஸ்விட்ச் மட்டும் பொய் சொல்லலாம். ஸ்டீயரிங் தடையின்றித் திரும்பியும் வண்டி கிளம்பவில்லை என்றால் இரண்டாவது வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கு முன்னர், குற்றம் லாக்கினுடையதுதானா என்று பார்த்துவிடுவது நல்லது. முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நல்ல லாக்கும் பழுதானதைப் போலவே நடந்துகொள்ளும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது மிகச் சாதாரணம். சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதியபடி நின்றிருந்தால் அந்த இழுவிசை தாழைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்தவாறே பொத்தானை அழுத்தினால் தாழ் விடுபடும். பிரேக் மிதியின் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சாவிக்குள் உள்ள பேட்டரி ஆகியவையும் இதே அறிகுறியைத் தரக்கூடியவை. லாக்கை மாற்றிவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றியதும் வண்டி கிளம்பியதைக் கண்டு வருந்தியவர்கள் குறைவில்லை.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் பாதுகாப்பு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தாழ் எந்தச் சூழ்நிலையிலும் பள்ளத்தில் விழக் கூடாது. கிளம்பாத வண்டி எரிச்சல் தரும். வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்ட வண்டி உயிரை வாங்கும். வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையைப் பின்பற்றும் பொறியாளர்கள், ஓட்டத்தின்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் அபாயத்தை அத்தரநிலையின் மிகக் கடுமையான ‘டி’ நிலையில் வைப்பதும், கார்வெட்டின் அந்தத் தலைமுறைக்கு 2004இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளிவந்ததும் இந்த அச்சத்தினால்தான். பிற அளவுகோல்கள் அனைத்தும் இதற்குப் பிற்பட்டவை என்பது என் தீர்க்கமான கருத்து. கீழே நான் சில மலிவான வழிகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, தாழ் இந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. திறந்த நிலையில் நின்றுவிட்ட லாக்குக்கு எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன; பூட்டிய நிலையில் நின்றுவிட்டதற்கு அவற்றில் பாதி அடைபட்டுவிடுகின்றன. விட்டுவிட்டு வரும் பழுதாக அது இருக்கும்போதே முடிவெடுப்பவர் செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறார்.

மூன்றாவது, லாக்குக்கும் வண்டிக்கும் உள்ள மின்னணுப் பிணைப்பு. சில வண்டிகளில் லாக் வெறும் மோட்டாரும் ஸ்விட்சும்தான். வேறு சிலவற்றில் அது இம்மொபிலைசரின், அதாவது சரியான சாவியை அடையாளம் கண்டால் மட்டுமே எஞ்சினைக் கிளப்பவிடும் மின்னணுக் காவலின், ஓர் அங்கம். அந்த வண்டிக்கென்றே எழுதப்பட்ட இரகசிய எண் இன்றி எந்த லாக்கும் அங்கே பேசாது.

நான்காவது சட்டமும் காப்பீடும். அமெரிக்காவில் 1970 முதல் நடைமுறையில் உள்ள 114ஆம் எண் பாதுகாப்பு விதி, சாவியை எடுத்ததும் எஞ்சினை இயக்க முடியாதிருப்பதோடு, ஸ்டீயரிங் அல்லது வண்டியின் முன்னோக்கிய ஓட்டம் இரண்டில் ஒன்றாவது தடைபட வேண்டும் என்கிறது. ஆகவே அங்கே ஸ்டீயரிங் லாக் என்பது பல வழிகளில் ஒன்று மட்டுமே. ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளிலோ, வண்டி எந்தத் திருட்டுத் தடுப்புக் கருவியோடு அங்கீகாரம் பெற்றதோ அதை நீக்குவது, வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்று சோதிக்கும் தகுதித் தேர்வில் கேள்வியை எழுப்பலாம். எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வகுத்த தகுதித் தேர்வு நெறிமுறை, திருட்டுத் தடுப்புக் கருவி வேலை செய்யாமலிருப்பதைச் சிறு குறையாகவும், அது தானாகவே பூட்டிக்கொள்வதை அதைவிடக் கடுமையான குறையாகவும் வகைப்படுத்துவது கவனிக்கத்தக்கது. சட்டம் எப்படி இருந்தாலும், லாக்கை நீக்கியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் விடுவது, திருட்டு நேர்ந்த பிறகு கிடைக்க வேண்டிய இழப்பீட்டைப் பந்தயம் வைப்பதாகும்.

செலவைக் கடைசியாக வைக்கிறேன். உதிரிப் பாகத்தின் விலையோடு, கிளம்பாத வண்டியை இழுத்துச் செல்லும் கூலி, ஏர்பேக்கையும் ஸ்டீயரிங்கையும் கழற்றி மாட்டும் நேரம், கணினியில் பதிவேற்றும் கட்டணம், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள், அதே பழுது திரும்ப வருவதற்கான வாய்ப்பு ஆகியவற்றையும் கூட்டித்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

## வழி 1: தயாரிப்பாளரின் புதிய லாக்

ஐயத்துக்கு இடமில்லாத வழி இதுவே. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்புகிறது. சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விற்கும்போது விளக்கம் தர வேண்டியதில்லை.

ஆனால் விலைப்பட்டியலில் தெரியும் தொகை செலவின் ஒரு பகுதி மட்டுமே. லாக்கைத் தண்டுக்கூட்டோடு இணைக்கும் போல்ட்டுகள் திருடர்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. முறுக்கி முடித்ததும் அவற்றின் தலை முறிந்து விழுந்துவிடும். அவற்றைக் கழற்ற ஒவ்வொன்றாகத் துளையிட வேண்டும், திரும்பப் பொருத்தப் புதியவை வேண்டும். சில வண்டிகளில் லாக் தனியாகக் கிடைக்காது. தண்டும் கூடும் சேர்ந்த முழுத் தொகுதியையே வாங்க நேரும். டபிள்யூ204 மெர்சிடிஸில் லாக்கைக் கழற்றும் வழி, அது திறந்த நிலையில் இருக்கும்போதுதான் எட்டும். பூட்டிய நிலையில் செத்துப்போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதிய லாக்கை வண்டியின் இம்மொபிலைசரோடு பிணைக்கும் வேலையையும் எல்லாப் பட்டறைகளும் செய்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: புதிய லாக் பழையதன் வடிவமைப்புக் குறையைத் திருத்திய பதிப்பா, அல்லது அதே குறை புதிய உறையில் வருகிறதா? உதிரிப் பாகத்தின் எண் இடையில் மாறியிருந்தால், பெரும்பாலும் அது திருத்தப்பட்டதற்கான அடையாளம். எண் மாறவில்லை என்றால், இன்னும் சில ஆண்டுகளுக்கு நிம்மதி வாங்குகிறோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியாதவர்களும், தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உட்பட்ட வண்டி வைத்திருப்போரும், கடனிலோ குத்தகையிலோ ஓட்டுபவர்களும் வேறு வழியைத் தேட வேண்டியதில்லை. வண்டியின் அடையாள எண்ணைத் தந்து, நிலுவையில் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்பதற்குச் செலவில்லை. அதைக் கேட்காமல் யாரும் பணத்தை எடுத்து வைக்க வேண்டாம்.

## வழி 2: பயன்படுத்திய பழைய லாக்

சாவி உருளையோடு கூடிய இயந்திர லாக்குக்கு இது நியாயமான வழி. உருளையை மட்டும் மாற்றி, பழைய சாவியையே தொடர்ந்து பயன்படுத்தலாம். மின்னணு லாக்குக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. உடைத்த வண்டியிலிருந்து வந்த லாக் இன்னொரு வண்டியின் இரகசிய எண்ணைச் சுமந்து வருகிறது. அதை அழித்து எழுதும் கூலி, மலிவாக வாங்கியதன் இலாபத்தை விழுங்கிவிடும். அது ஒருபுறமிருக்க, அதன் மோட்டாரும் நம்முடையதைப் போலவே அத்தனை ஆண்டுகள் தேய்ந்ததுதான்.

## வழி 3: இருக்கும் லாக்கைத் திறந்து பழுது பார்த்தல்

பழுதின் காரணம் தேய்ந்த பிரஷ், இறுகிய கிரீஸ், வெடித்த சால்டர், உணர்விழந்த மைக்ரோ ஸ்விட்ச் என்று சில பொருள்களுக்குள் அடங்கிவிடுவதால், லாக்கை வெளியே எடுத்து அந்தச் சிறு பாகத்தை மட்டும் மாற்றுவது பொருளுள்ள வேலை. இரகசிய எண் அதே லாக்கில் இருப்பதால் மீண்டும் பிணைக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய ஆதாயம். மெர்சிடிஸ் லாக்கின் மோட்டார் சிறிய நேர்மின் மோட்டார்தான் என்பதால், அதை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கைவினைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, லாக் திறந்த நிலையில் இருக்க வேண்டும், அல்லது திறக்கச் செய்ய முடிய வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லாக்கின் உறையை மெல்லத் தட்டினால், ஒட்டிக்கொண்ட மோட்டார் சில வேளைகளில் ஒருமுறை சுழலும். அந்த ஒரு முறை திறந்ததைத் தவறவிடாமல் வண்டியை அணைக்காமலேயே பட்டறைக்குக் கொண்டுசெல்வது புத்திசாலித்தனம். தட்டும்போது தண்டின்மீது அடி விழக் கூடாது. மோதலின்போது மடங்கிச் சுருங்குவதற்கென்றே அது மென்மையாக அமைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது நிபந்தனை பழுது பார்ப்பவரின் கைத்திறன். மைக்ரோ ஸ்விட்சை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்திவிட்டால், தாழ் அரைகுறையாக வெளியேறிய நிலையிலேயே ‘திறந்திருக்கிறது’ என்ற செய்தி போய்ச் சேரும். கிளம்பாத வண்டியாக இருந்தது கிளம்பும் ஆபத்தாக மாறிவிடும். வேலை முடிந்த லாக்கை வண்டியில் பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்து, தாழ் முழுவதும் உள்ளே இழுபடுவதைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குபவரிடம் அந்த லாக்கை விட்டுவைக்க வேண்டாம்.

## வழி 4: எமுலேட்டர்

எமுலேட்டர் என்பது லாக்கின் இடத்தில் அமர்ந்து, ‘திறந்திருக்கிறது’ என்று கட்டுப்பாட்டுக் கருவிக்கு எப்போதும் பதில் சொல்லும் சிறு மின்னணுப் பெட்டி. பிஎம்டபிள்யூவிலும் மெர்சிடிஸிலும் பரவலாகப் பயன்படுகிறது. மெர்சிடிஸில் வண்டியின் இரகசிய எண்ணைப் படித்து இதில் எழுத வேண்டும். ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டுக்கும் இத்தகைய கருவிகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டீயரிங் பூட்டியிருப்பதாகக் கருதும் கார்வெட், வண்டி நகரத் தொடங்கியதும் எரிபொருளை நிறுத்திவிடும். தொடக்ககால எளிய கருவிகள் தாழ் விழுவதைத் தடுத்தனவே தவிர, இந்த எரிபொருள் நிறுத்தத்தைக் கையாளவில்லை. எனவே வாங்கும் கருவி இரண்டையும் கவனிக்கிறதா என்று கேட்டறிய வேண்டும்.

எமுலேட்டரைப் பற்றி நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பொய் சொல்லும் பெட்டியை மாட்டிவிட்டு, உயிருள்ள தாழைத் தண்டின் அருகிலேயே விட்டுவைக்கக் கூடாது. இப்போது கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தாழின் உண்மை நிலை தெரியாது. தடுத்து நிறுத்த வேறு காவலும் இல்லை. பழைய லாக்கை முழுவதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அது இயலாதெனில் தாழையாவது கழற்றிவிட வேண்டும். இதைச் செய்த எமுலேட்டர் மிக நம்பகமானது, செய்யாத எமுலேட்டர் இந்தப் பட்டியலிலேயே மோசமானது. கடையில் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கின்றன.

## வழி 5: ஃபியூஸைப் பிடுங்குதல், வளையத்தை அகற்றுதல்

370 இசட் உரிமையாளர்களிடையே பரவிய எளிய வழி, லாக் திறந்திருக்கும் வேளையில் அதற்கு மின்சாரம் தரும் ஃபியூஸைக் கழற்றிவிடுவது. மின்சாரம் இல்லாத மோட்டார் தாழை நகர்த்த முடியாது. கடைசியாகத் திறந்திருந்ததை நினைவில் வைத்திருக்கும் அந்த வண்டி வழக்கம்போல் கிளம்புகிறது. செலவு ஏறத்தாழ இல்லை. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் ஒரு நிமிட வேலை. இதையே பார்த்துவிட்டு மெர்சிடிஸிலோ பிஎம்டபிள்யூவிலோ ஃபியூஸைப் பிடுங்குபவர், லாக்கின் பதில் வராததால் கிளம்பவே கிளம்பாத வண்டியைப் பெறுவார். அந்த ஃபியூஸ் வேறெந்தக் கருவிக்கு மின்சாரம் தருகிறது என்பதையும் வண்டியின் மின்வரைபடத்தில் பார்த்தாக வேண்டும்.

கார்வெட்டில் இன்னும் அடிப்படையான வழி, பள்ளங்கள் வெட்டிய வளையத்தையே தண்டிலிருந்து கழற்றிவிடுவது. விழுவதற்குப் பள்ளமே இல்லாதபோது தாழ் என்ன செய்துவிடும்! பாதுகாப்பு என்ற முதல் அளவுகோலில் இதற்கு நிகரான வழி இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கையும் ஏர்பேக்கையும் கழற்ற வேண்டிய வேலை இது: பேட்டரியைத் துண்டித்து, பணிமனைக் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும், ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் நாடாவை நடுநிலையில் நிறுத்திப் பொருத்த வேண்டும், தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அது அறுந்துபோகும், ஸ்டீயரிங்கை இழுத்தெடுக்கும் கருவியும், வளையத்தை அழுத்திப் பிடிக்கும் கருவியும் வேண்டும். அதோடு, முன்னர் சொன்ன எரிபொருள் நிறுத்தம் வளையத்தை எடுத்த பின்னும் தொடரும் என்பதால் மின்னணுப் பக்கத்துக்கும் ஒரு தீர்வு தேவைப்படும்.

| வழி | லாக் பூட்டியிருந்தால் | ஓடும்போது தாழ் விழும் வாய்ப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| புதிய லாக் | வெட்டி எடுக்க நேரலாம் | மிகக் குறைவு | இழுவைக் கூலி, பிணைப்பு, முறியும் போல்ட்டுகள் |
| பழைய லாக் | அதே சிரமம் | அதன் தேய்மானத்தைப் பொறுத்தது | எண்ணை அழித்து எழுதுதல், மீண்டும் பழுது |
| பழுது பார்த்தல் | முதலில் திறந்தாக வேண்டும் | கைத்திறனைப் பொறுத்தது | பட்டறையில் நிற்கும் நாட்கள் |
| எமுலேட்டர் | தாழை எப்படியும் விடுவிக்க வேண்டும் | தாழை நீக்கினால் இல்லை. விட்டுவைத்தால் உண்டு | தகுதித் தேர்வு, காப்பீடு |
| ஃபியூஸ் நீக்கம் | பயனில்லை | தாழ் முழுவதும் திறந்திருந்தால் மிகக் குறைவு | பிற கருவிகள் செயலிழத்தல் |
| வளைய நீக்கம் | இயலும் | இல்லை | ஏர்பேக் வேலை, மின்னணுத் தீர்வு, காப்பீடு |

## எந்த நிலைமைக்கு எது

உத்தரவாதமோ அறிவிப்போ இருப்பவருக்கு முதல் வழி. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உத்தரவாதம் முடிந்த மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ வகை வண்டியில், லாக் இன்னும் அவ்வப்போது திறக்கிறது என்றால், மோட்டார் பழுது பார்த்தலும் எமுலேட்டரும் போட்டியிடுகின்றன. தகுதித் தேர்வு கடுமையான நாட்டில் இருப்பவர் முன்னதையும், நீண்ட காலம் வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறவர் பின்னதையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம். பின்னதில் பழைய லாக் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். லாக் பூட்டிய நிலையில் இறந்துவிட்டால், வெட்டியெடுக்கும் வேலை எப்படியும் வந்துவிட்டதால் பழுது பார்த்தல் களத்திலிருந்து விலகுகிறது.

370 இசட் போன்ற வண்டியில், பழுதின் முதல் அறிகுறி தெரிந்த நாளிலேயே ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டு, திருத்தப்பட்ட புதிய லாக்கை அவசரமின்றித் தேடலாம். நடுவழியில் நின்ற பிறகு இந்த வாய்ப்பு இல்லை.

கார்வெட்டைப் பொறுத்தவரை, பூட்டிய நிலையில் ஒருமுறை சிக்கிய வண்டிக்கு வளையத்தை எடுத்துவிட்டு, எரிபொருள் நிறுத்தத்தையும் கையாளும் கருவியைச் சேர்ப்பதே என் தேர்வு. அந்தத் தலைமுறையின் பிற்கால ஆட்டோமேட்டிக் வண்டிகளைத் தயாரிப்பாளரே இந்த லாக் இல்லாமல் விற்றிருக்கையில், அதை நீக்குவதால் வண்டியின் இயல்பு கெட்டுவிடுகிறது என்ற வாதத்துக்கு வலுவில்லை.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்குக் கேள்வியே எழாது. ஸ்டீயரிங் லாக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று பல மோட்டார் பந்தய விதிகளே கோருகின்றன.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்த பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராகவும், முழுதும் இடப்புறமும், முழுதும் வலப்புறமும் திருப்பிய நிலைகளில் பலமுறை அணைத்துக் கிளப்பிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடி, சாவியோடு விலகிச் சென்று, கட்டுப்பாட்டுக் கருவி உறங்கும் அளவுக்குக் காத்திருந்தும் ஒருமுறை பாருங்கள். ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடுகளை அழித்து, அவை திரும்ப வருகின்றனவா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்கவும். நீக்கிய லாக், வளையம், ஃபியூஸ் எதுவாயினும் எறிந்துவிடாமல், செய்த வேலையின் இரசீதோடு ஒரு பையில் போட்டு வைத்தால், வண்டியை அடுத்து வாங்குபவர் அதைப் பழைய நிலைக்கு மாற்ற விரும்பும்போது கையில் கொடுக்கலாம்.